ஆறாம் வீட்டு ஜன்னல்

மே 6, புதன்

காலை எட்டு மணிக்கே சித்தூர் தோசைக்கல் ஆயிடுச்சு. எங்க வாடகை ரூம் அதுக்கு மூடி. இன்னிக்குச் செங்கல் சுமந்தேன். எங்க வீட்டுக்கு இல்ல. ஜான்சி வீட்டுக்கு.

வீடு கட்டித் தர்ற டிரஸ்ட்டோட ரூல் அப்படி. வீடு வேணும்னா புதன், சனி ரெண்டு நாளும் குடும்பத்துலருந்து வந்து மத்தவங்க வீட்டுல வேலை செய்யணும். கார்டுல தாசு மேஸ்திரி கையெழுத்து. மூணு நாள் வரலைன்னா பேரு அவுட்டு, லிஸ்ட்டுல அடுத்த ஆள் உள்ள. கட்டறது ஆறு வீடு. ஜான்சி குடும்பம் ஆறாவது. நாங்க ஏழு. அதாவது வெயிட்டிங். வெயிட்டிங்கும் செங்கல் தூக்கணுமாம்.

டிரஸ்ட் மேடம் வந்து பேசினாங்க. நாடு முழுக்க ஏழைங்களுக்கு வீடு பத்தலையாம். நான் எங்களுக்கு மட்டும்தான்னு நெனச்சுக்கினு இருந்தேன்.

ஜான்சி என் கிளாஸ், என் சர்ச், என் பெஞ்ச். இப்போ அவளுக்கு மனை. எனக்கு உக்கார மணை.

"ஏய் கிரேஸு, இதான்டி என் ஜன்னல். மலை தெரியும்."

"மலைக்கும் உன் மூஞ்சி தெரியும். பாவம் மலை."

சிரிச்சா. நானும். வயித்துல அப்படி ஒரு எரிச்சல். கேஸ் தீர்ந்தா அம்மா என் மேலயே குக்கர் வைக்கலாம்.

மே 7, வியாழன்

காத்து இல்ல. கரண்டும் இல்ல. ஜான்சிகிட்ட வரப்போறது, என்கிட்ட இல்லாதது:

1. ஜன்னல்.
2. தாழ்ப்பாள் வச்ச பாத்ரூம். எங்களுது மூணு குடித்தனத்துக்குப் பொது. தாழ்ப்பாள் கிடையாது. உள்ள இருக்கற வரைக்கும் பாடணும்.
3. ஆணி. அவ சுவத்துல எங்க வேணா அடிச்சுக்கலாம். நாங்க வசன காலண்டர் மாட்ட ஒண்ணு அடிச்சதுக்கு ஓனரம்மா ஒரு வாரம் மூஞ்சி காட்டல.

எட்டு வருஷத்துல அஞ்சு வீடு மாறியாச்சு. வாடகைன்னா வாடுற கை.

அம்மா பீரோவைக் கயித்தால அளந்து முடிச்சு போட்டு வச்சிருக்கு. "ஏழாவதுக்கும் ஒரு நாள் வரும்டி. அன்னிக்கு சுவத்துல வச்சுப் பாக்கணும் இல்ல?"

நைனா ரேணிகுண்டா ஒர்க்‌ஷாப்லருந்து ஒரு வாரம் லீவுல வந்தாரு. புது சிம். நம்பர் யாருக்கும் தெரியாது.

ஜான்சி நைனா ஆட்டோலருந்து விழுந்து காலு முறிஞ்சு திருப்பதி ஆஸ்பத்திரில கிடக்காரு. அதனால அவங்க ஏற்கெனவே ரெண்டு நாள் வரல. ரெண்டு. இதை ஏன் எழுதறேன்?

மே 8, வெள்ளி

பண்ணிட்டேன்.

தாசு மேஸ்திரி குரல் எனக்கு அத்துப்படி. பாதி மூக்கு, பாதி தெலுங்கு. நைனா தூங்கும்போது அவர் போன்லருந்து ஜான்சி அம்மாவுக்கு, அதே குரல்ல: "ரேப்பு ராவொத்தம்மா. சிமெண்ட் வரல. நாளைக்கு வராதீங்க, லீவு."

"ஸ்தோத்திரம் மேஸ்திரி! அப்போ ஜான்சியையும் கூட்டிக்கினு திருப்பதி போய் அவரைப் பாத்துட்டு வரேன்."

சும்மா விளையாட்டு.

(இல்ல.)

மே 9, சனி

அவங்க வரல. மேஸ்திரி பதினோரு மணி வரைக்கும் பாத்தாரு. கார்டுல ஒரு பெருக்கல் குறி. எங்கம்மா பக்கம் திரும்பி, "மூணு ஆயிடுச்சு. ஏழாவது மீரே கதா, நீங்கதான? திங்கக்கிழமை மேடம் கையெழுத்து போடுவாங்க."

அம்மா கலவைச் சட்டியை அப்படியே வச்சுட்டு உக்காந்துடுச்சு. அழுதுச்சா சிரிச்சுதா தெரியல, மூஞ்சி பூரா சிமெண்ட். வர வழியில புது வீட்டுக்குன்னு துடைப்பம், உப்பு வாங்கிச்சு.

நைனா பிரியாணி வாங்கியாந்தாரு. என் பங்கை அம்மா தட்டுல தள்ளிட்டேன்.

மே 10, ஞாயிறு

சர்ச்சுல அம்மா எழுந்து நின்னு சாட்சி சொல்லிச்சு. "கேளாத வீட்டை ஆண்டவர் கொடுத்தார்." எல்லாரும் ஆமென். ரெண்டு வரிசை பின்னால ஜான்சி. நான் திரும்பவே இல்ல.

மதியம் அவளே வந்தா. கையில அவங்க அம்மா போன்.

"மேஸ்திரிகிட்ட கேட்டோம். நான் எப்போ போன் பண்ணேன், சாக்கு சொல்லாதேன்றாரு. இந்த நம்பரை 'மேஸ்திரி 2'ன்னு போட்டு வச்சிருந்தேன். இப்போ மேஸ்திரி 2 கூப்பிட்டாரு. எடுத்தா, உங்க நைனா. கால் எப்படிம்மா இருக்குன்னு கேக்கறாரு."

நான் போனை வாங்கி நம்பரைப் பாத்தேன்.

"உங்க நைனா எப்போடி மேஸ்திரி ஆனாரு?"

போனை அவகிட்டயே நீட்டினேன். அவ திட்டல. "அம்மாகிட்ட இன்னும் சொல்லல"ன்னுட்டு போயிட்டா. செங்கல்லால அடிச்சிருக்கலாம்.

உள்ள அம்மா நைனாகிட்ட கயித்தைக் காட்டிக்கினு இருக்கு. "பீரோ இந்தப் பக்கம். கட்டில் ஜன்னலாண்ட."

மே 11, திங்கள்

வெயிலுக்கு முன்னாடியே சைட்டுக்குப் போனேன். சொன்னேன். மேஸ்திரி நம்பல. "பொண்ணு குரலுக்கும் என் குரலுக்கும் வித்தியாசம் தெரியாதா அந்த அம்மாவுக்கு?"

வேற வழி இல்ல. அவர் எதிர்லயே அவர் மாதிரி பேசினேன். சாரத்து மேல இருந்தவங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அவர் சிரிக்கல. "நான் இப்படியா பேசறேன்?"ன்னு மெதுவா கேட்டாரு. அதுக்குத்தான் எனக்கு அழுகை வந்துச்சு.

மேடம் கார்டுல அந்தப் பெருக்கல் குறியை அழிச்சாங்க. ஆறு ஜான்சிதான். நாங்க மறுபடி ஏழு. பேரை லிஸ்ட்டுலருந்தே எடுத்துடுவாங்கன்னு நெனச்சேன். "உங்கம்மா ஒருநாளும் லீவு போட்டதில்ல. அவங்களுக்காக விடறேன்." எனக்கு: ஸ்கூல் லீவு முடியற வரைக்கும் தினமும் ஆறாம் வீட்டுல வேலை. எந்தக் கார்டுலயும் ஏறாது.

அம்மாகிட்ட நானே சொன்னேன். அடிக்கும்னு முதுகைக் காட்டிக்கினு நின்னேன்.

"சாட்சி சொன்னேனேடி, அத்தினி பேர் எதிர்ல."

அவ்ளோதான்.

மே 13, புதன்

அனல். அம்மா முடிச்சு அவுக்காமலேயே அந்தக் கயித்தைக் கொடியா கட்டிடுச்சு. நைனா லுங்கி காயுது.

ஆறாம் வீட்டு ஜன்னலுக்கு இன்னிக்குக் கம்பி வச்சாங்க. கலவை இறுகற வரைக்கும் யாராவது பிடிச்சுக்கினு நிக்கணும். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் ஜான்சி.

மலை நல்லாத்தான் தெரியுது. வயிறுதான் இன்னும் எரியுது.