கம்பிவலைக்குப் பதில் பலகை

அக்டோபர் 4
குடோனுக்குள் பெண்களுக்கென்று உடை மாற்றும் அறை ஒருவழியாக எழும்பிவிட்டது. மூலையில், நான்கு பக்கமும் பிளைவுட், தலைக்கு மேல் கம்பிவலை. மேனேஜர் கருணாகரன் சாரை இதற்காக எவ்வளவு நச்சரித்திருப்பேன்! பாதுகாப்பு அதிகாரி என்ற பெயருக்கு இன்றுதான் ஏதோ செய்த மாதிரி இருக்கிறது. வீட்டில் என் கணவர் ஷாரிக், "ரூமுக்கு தஹ்சீன் மஹால்னு பேர் வச்சிடு" என்று கிண்டல் செய்தார்.

அக்டோபர் 8
பேக்கிங்கில் இருக்கும் சொக்கம்மாள் அக்கா கையைப் பிடித்து அறைக்குள் இழுத்துக்கொண்டு போனார். "மேல பாரும்மா. மாடில நின்னுகினு லோடு பசங்க எட்டி எட்டிப் பாக்குறானுங்கோ. இதுக்கு ரேக்கு சந்துலயே மாத்திக்கலாம்."
உண்மைதான். குடோனுக்குள் சரக்கு அடுக்கும் மாடியிலிருந்து பார்த்தால் வலை வழியாக எல்லாம் தெரிகிறது. எனக்கே உடம்பு கூசியது. தச்சரைக் கூப்பிட்டு, வலையைப் பிரித்துவிட்டுப் பலகை போடச் சொல்லிவிட்டேன்.
வலை எதற்கு என்று எனக்குத் தெரியாதா? தீப்பிடித்தால் குடோன் கூரையிலுள்ள ஸ்பிரிங்க்ளர் தண்ணீர் அது வழியாகத்தான் உள்ளே விழும். பலகை போட்டால் அறைக்குள் தனியாக ஒரு ஸ்பிரிங்க்ளர் வைத்தாக வேண்டும். அதற்கு வால்வை மூடி, தண்ணீர்க் குழாய் லைன் முழுவதையும் வடிக்க வேண்டும்; அதுவரை குடோனில் வேலை நிற்கும். தீபாவளிச் சரக்கு போகட்டும், பிறகு பார்க்கலாம்.

அக்டோபர் 28
சரக்கு, சரக்கு, சரக்கு. கால் வீங்கிவிட்டது.

நவம்பர் 12
மழை விடவில்லை. ஸ்பிரிங்க்ளர் வேலைக்கு ஆள் சொல்ல இன்றும் மறந்துவிட்டேன். நாளைக்கு.

நவம்பர் 14
அறை எரிந்துவிட்டது.
நனைந்த யூனிஃபார்மை அக்கா இஸ்திரி போட்டு உலர்த்திக்கொண்டிருந்திருக்கிறார். பாதியில் கரண்ட் போனது. லோடு வந்துவிட்டதென்று கூப்பிட்டதும் பெட்டியைத் துணிமேலேயே வைத்துவிட்டு ஓடிவிட்டார். பிறகு கரண்ட் வந்தது. புகையைப் பார்த்ததும், கூட வேலை பார்க்கும் அம்மு உள்ளே படுத்திருக்கிறாள் என்று நினைத்து அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தார். அந்தப் பெண் கேன்டீனில் இருந்தாள். அக்காவின் இரண்டு கையும் வெந்து—
ஸ்பிரிங்க்ளர் திறந்தது. நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். தண்ணீர் அத்தனையும் பலகைமேல் விழுந்து பக்கவாட்டில் வழிந்தது, குடை பிடித்த மாதிரி. உள்ளே எரிந்துகொண்டே இருந்தது. நான் பிடித்த குடை.

நவம்பர் 16
கருணாகரன் சாருக்குச் சந்தோஷம். "ஒரு ரூமோட போச்சு மேடம். சரக்கு தப்பிச்சுது. உங்க சிஸ்டம் சூப்பர்." காரணத்தை எழுதிக் கேட்டார். 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதிக் கொடுத்தேன்.
பொய் இல்லையே? பொய் இல்லைதான். பிறகு ஏன் சோறு இறங்க மாட்டேன் என்கிறது?

நவம்பர் 18
அக்காவை வேலையைவிட்டு நீக்கப் போகிறார்கள். நான் எழுதிய அந்த ஒரு வரியே போதுமாம்.

நவம்பர் 19
திருவொற்றியூர் குப்பத்தில் அக்கா வீட்டுக்குப் போனேன். இரண்டு கையிலும் கட்டு. மகள் இட்லி ஊட்டிக்கொண்டிருந்தாள்.
"நீ இன்னாத்துக்கும்மா அழுவுற? நாந்தான் பொட்டிய மறந்துட்டேன். உன் தண்ணி மட்டும் அடிக்கலன்னா குடோனே எரிஞ்சி பூட்டிருக்கும். கை ஆறினதும் வந்துடுறேன்னு சார்கிட்ட ஒரு வார்த்த சொல்லு. வேல இல்லன்னா வூடு ஓடாது."
அவர் என்னைத் திட்டியிருக்கலாம். தண்ணீர் உள்ளே வராததற்கு நான்தான் காரணம் என்று வாய்வரை வந்தது. கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். சீ, நானெல்லாம் ஒரு மனுஷியா?

நவம்பர் 20
சொல்லிவிட்டேன். தீ மூண்டது இஸ்திரிப் பெட்டியால், அதை அணையவிடாமல் செய்தது என் பலகை. "இத எழுதிக் குடுத்தா உங்களுக்குத்தான் மேடம் பேஜாரு" என்றார் கருணாகரன் சார். எழுதிக் கொடுத்தேன்.

டிசம்பர் 6
அக்காவுக்கு வேலை போகவில்லை. எனக்கு எச்சரிக்கை. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

டிசம்பர் 17
புது அறை எழுப்புகிறார்கள். உள்ளே ஒரே ஒரு ஸ்பிரிங்க்ளர் வையுங்கள் என்று மன்றாடினேன். பொங்கல் சரக்கு நேரத்தில் லைனை வடிக்க முடியாதாம். தலைமை அலுவலகம் அதைவிடச் சுலபமான வழி கண்டுபிடித்துவிட்டது: குடோனுக்குள் எந்த அறைக்கும் இனி மேல்மூடி கூடாது. பலகையும் கூடாது, வலையும் கூடாது.
பெண்கள் எப்படி உடை மாற்றுவார்கள் சார் என்று கேட்டேன். "பலகைதான் தப்புன்னு நீங்கதானே மேடம் எழுதிக் குடுத்தீங்க?"


ஜனவரி 20
அக்கா இன்று வேலைக்கு வந்தார். தோல் ஆறிவிட்டது, விரல்தான் மடங்க மறுக்கிறது. பட்டன் போட முடியவில்லை என்று மேல்மூடி இல்லாத புது அறைக்குள் என்னைத்தான் கூப்பிட்டார். மற்றவர்கள் போலப் புடவையால் போர்த்திக்கொள்ளவும் அந்தக் கையால் ஆகவில்லை.
மேலே மாடிக் கம்பியில் இரண்டு பேர் சாய்ந்து நின்றார்கள். போங்கடா என்று கத்தினேன். ஒருவன் நகர்ந்தான். அந்த இடத்துக்கு இன்னொருவன் வந்தான்.
குனிந்து அடுத்த பட்டனைத் தேடினேன். அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டு, "சீக்கிரம் போடும்மா" என்றார்.