நேரம் இருந்தால் எட்டிப் பார்

சிகாகோ
ஏப்ரல் 29

அன்புள்ள லமார்,

நலமாக இருக்கிறாயா? போனில் பேசினால் இரண்டாவது வாக்கியத்திலேயே இருவரும் கத்தத் தொடங்கிவிடுகிறோம். அதனால் காகிதம். காகிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

என் அலுவலகத்தார் மூன்று பேர் மே மூன்றாம் வாரக் கடைசியில் சவானாவுக்குச் சுற்றிப் பார்க்க வருகிறார்கள். நானும் கூட வருகிறேன். ஊர்க்காரி என்பதால் எங்கே சாப்பிடுவது, எங்கே ஒயின் குடிப்பது என்ற பொறுப்பு என் தலையில். அங்கே பாதிச் சமையலறைகளின் குளிர்பெட்டிகளை நீதான் பழுது பார்க்கிறாய். எது தேறும் என்று சொல்.

இன்னொன்று. ஆறு மாத வேலை என்று வந்தவளை நிரந்தரமாக இருக்கச் சொல்கிறார்கள். பயணம் முடிந்து வரும் திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். நான் உன் மனைவி, உன்னிடம் சொல்லாமல் முடிவெடுப்பது சரியில்லை என்று பட்டது.

பின்வாசல் பல்பை மாற்றினாயா?

அன்புடன்,
கென்ட்ரா


சவானா
மே 4

அன்புள்ள கென்,

மாற்றவில்லை. நாள் முழுக்க எவனுடைய மெஷினுக்கோ பின்னால் படுத்துக் கிடந்துவிட்டு வந்தால் நாற்காலியில் ஏறக் கால் வருவதில்லை.

கடைகள். சதுக்கத்து மூலையில் பச்சைக் கதவு போட்ட சிப்பிக் கடை: சிப்பியை நம்பிச் சாப்பிடலாம். ஒயினைத் தொடாதீர்கள். புட்டிகளை அடுப்புக்குப் பின்சுவரில் அடுக்கியிருக்கிறான். சிவப்பு ஒயின் சுடவைத்த கஷாயம் மாதிரி வரும்.

ஆற்றோர ஓட்டல் மொட்டைமாடி: ஒரு கோப்பை குடித்துவிட்டு இறங்கிவிடுங்கள், விலையில் பாதி ஆற்றைப் பார்க்க. மிச்சத்தைப் பிளாஸ்டிக் கோப்பையில் ஊற்றித் தருவான், நம்மூரில்தான் சட்டப்படியே தெருவில் குடித்துக்கொண்டு நடக்கலாமே. உன் ஆட்களிடம் முன்பே சொல்லிவை. இல்லாவிட்டால் போலீஸைப் பார்த்ததும் ஓடுவார்கள்.

பழைய பருத்திக் கிடங்கில் இருக்கும் டியூயியின் கடைக்குக் கட்டாயம் போங்கள். ஒயின் அலமாரி நான் போட்டது, ஐம்பத்தைந்து டிகிரி ஃபாரன்ஹீட்டை விட்டு நகராது. குளிர்ந்த வெள்ளை ஒயின், பொரித்த கோழி, போதும். மாட்டிறைச்சி வேண்டாம். உறைபெட்டியின் கதவு ரப்பர் கிழிந்து கிடக்கிறது. சொன்னால், "அடுத்த வாரம் பாத்துக்கலாம்ப்பா" என்கிறான்.

கிளம்பும்போது டியூயி எல்லார் தோளிலும் கை போட்டு, "நேரம் இருந்தா வீட்டுப் பக்கம் எட்டிப் பாருங்க, என்ன?" என்பான். நம்மூரில் அதற்கு 'கிளம்புங்க' என்றுதான் அர்த்தம். உன் சிகாகோக்காரர்கள் நிஜமென்று நம்பி அவன் வீட்டுக் கதவைத் தட்டிவிடப் போகிறார்கள்.

பெர்ல் அக்கா கடையைச் சேர்க்கவில்லை. இரண்டே வகை ஒயின், ஜாம் பாட்டிலில்தான் இன்னமும் ஊற்றுகிறாள். இறாலும் சோள ரவையும் மாறவில்லை. ஆனால் அது நாம் போகிற இடம். ஊர்வலம் கூட்டிப்போக அல்ல.

சிகாகோ விஷயம்: உன் வேலை, உன் முடிவு. நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

லமார்


சிகாகோ
மே 8

அன்புள்ள லமார்,

உன் கடிதத்தை அலுவலகத்தில் படித்துக் காட்டினேன். கஷாயத்துக்கு எல்லாரும் சிரித்தார்கள். டியூயி விஷயம் மட்டும் அவர்களுக்கு விளங்கவில்லை. "வரவேணாம்னா எதுக்குக் கூப்பிடணும்?" என்று கேட்கிறார்கள். இங்கே 'வா' என்றால் உடனே 'எத்தனை மணிக்கு' என்பார்கள். முதலில் எனக்கு முகத்தில் அடித்தது மாதிரி இருந்தது. இப்போது பழகிவிட்டது.

'குறுக்கே நிற்க மாட்டேன்' என்று எழுதியிருந்தாய். கோபமா, களைப்பா? திருப்பித் திருப்பிப் படித்தும் எனக்குத் தெரியவில்லை.

பதினாறாம் தேதி, சனிக்கிழமை சாயங்காலம் அவர்கள் படகில் போகிறார்கள். நான் போகவில்லை. ஆறு மணிக்குப் பெர்ல் அக்கா கடையில் இருப்பேன். நேரம் இருந்தால் எட்டிப் பார்.

கென்ட்ரா


சவானா
மே 12

கென்,

பார்க்கலாம். வெயில் பிடித்துவிட்டது. ஊரில் பாதி ஐஸ் மெஷின் படுத்துக்கிடக்கிறது, சனிக்கிழமைதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். எனக்காக உட்கார்ந்திருக்காதே. சூடாகச் சாப்பிடு.

பல்பு வாங்கிவிட்டேன்.

லமார்


சவானா
மே 19

கென்,

இன்று பெர்ல் அக்கா கூப்பிட்டாள், குளிர்பெட்டி கெட்டுவிட்டது என்று. போனால் அது ஜோராக ஓடிக்கொண்டிருக்கிறது.

"இதுல எதுவும் கெடலையே அக்கா?"

"கெட்டது பொட்டி இல்லடா, உன் மண்டை. உக்காரு."

உட்கார்ந்தேன்.

"ரெண்டு தட்டு வைக்கச் சொன்னா. எறா ஆறிப்போச்சு, சுட வைக்கட்டுமாடின்னேன். இருக்கட்டும்க்கா, வந்துருவான்னா. நான் நாற்காலிய எல்லாம் கவுத்துப் போடற வரைக்கும் வாசலயே பாத்துக்கிட்டிருந்தா. நீ எங்கடா தொலைஞ்ச?"

"வேலை இருந்துச்சுக்கா."

"பொய் சொல்றதுக்கும் ஒரு மூஞ்சி வேணும்டா. உனக்கு அது இல்ல."

இல்லைதான். சனிக்கிழமை எந்த வேலைக்கும் போகவில்லை. இஸ்திரி போட்ட சட்டையோடு அடுத்த தெருவில் வேனுக்குள் இருந்தேன். வெறும் பேச்சுக்குக் கூப்பிட்டதை நிஜமென்று எடுத்துக்கொண்டு போய், உன் முன்னால் அசடு மாதிரி நிற்பதா என்று யோசித்தேன். எட்டு மணிக்கு வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

'வா' என்று மட்டும் எழுதியிருந்தால் வேனைக் கடைக்குள்ளேயே ஓட்டியிருப்பேன், கென். 'நேரம் இருந்தால்' என்று எதற்காகப் போட்டாய்?

பல்பை மாட்டிவிட்டேன். குறுக்கே நிற்கிறேன். சிகாகோ வேண்டாம். திரும்பி வா.

லமார்


சிகாகோ
மே 24

அன்புள்ள லமார்,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. திங்கட்கிழமையே அலுவலகத்தில், இங்கேயே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

'வா' என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. கூப்பிட்டு நீ வராவிட்டால் மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது? அதனால் அந்த இரண்டு வார்த்தையை முன்னால் வைத்தேன். நீயும் நம்மூர்க்காரனாகவே அதைப் படித்தாய். உன் மேல் தப்பில்லை. என் மேலும் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

அன்று மீதி ஒயினைப் பெர்ல் அக்கா பிளாஸ்டிக் கோப்பையில் ஊற்றிக் கையில் கொடுத்தாள். "நடந்து போடி, காத்து படட்டும்" என்றாள். ஆறுவரை நடந்தேன். நீ வேனை நிறுத்தியிருந்த தெரு வழியாகத்தான் போயிருப்பேன். அதற்குள் நீ கிளம்பியிருந்தாய்.

ஒயின் அலமாரியைப் பற்றி உன்னால் எவ்வளவு பட்டென்று எழுத முடிகிறது! கதவு ரப்பர் கிழிந்திருந்தால் கிழிந்திருக்கிறது என்கிறாய். என்னிடம் மட்டும் 'பார்க்கலாம்' என்கிறாய். நானும் அப்படியே. ஒவ்வொரு வார்த்தையையும் புரட்டிப் போட்டு அடியில் என்ன இருக்கிறது என்று தேட இனி எனக்குத் தெம்பில்லை, லமார். உன் கடைசிக் கடிதத்தில் தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அதைத்தான் நாலைந்து தடவை படித்தேன். அந்தக் கடிதம் ஏப்ரலிலேயே வந்திருக்கக் கூடாதா?

பல்பு எரிவது சந்தோஷம். இருட்டில் அந்தப் படியில் கால் வைத்து விழாமல் இருப்பாய். வேளைக்குச் சாப்பிடு.

சிகாகோ பக்கம் வந்தால், நேரம் இருந்தால், எட்டிப் பார். இதை நம்மூர்க்காரியாகத்தான் எழுதுகிறேன்.

கென்ட்ரா