எதிர் வெளிச்சமும் அத்தை கல்யாணமும்

21-1-79, ஞாயிறு

காலையில் நல்ல பனி. செல்வி அத்தைக்குக் கல்யாணப் புடவை எடுக்க அரியலூர் போனோம். அப்பா வாடகைக்கு ஓட்டும் எங்கள் கார், இன்று எங்களுக்கே. புடவை அரக்கு நிறம், மாங்காய்க் கரை. அத்தை தடவித் தடவிப் பார்த்தாள்.

பெரம்பலூர் திரும்பும்போது இருட்டிவிட்டது. எதிரே சிமெண்ட் லாரிகள். ஒவ்வொன்று வரும்போதும் அப்பா ஓரம் கட்டி நிறுத்தி, அது போனபிறகுதான் காரை எடுத்தார். அம்மாவும் அத்தையும் பின்சீட்டில் தூக்கம். நான் மட்டும் முன்னால், விழித்தபடி.

"ஏன்ப்பா நிக்கிறீங்க?"

"டிம் பண்ணாம வரானுவ. ஒரே வெள்ளையா இருக்கு, ரோடே தெரியல." கொஞ்சம் கழித்து, "அம்மாட்ட சொல்லாத."

எங்கள் கார் விளக்கின் மேல்பாதிக்கு அப்பாவே கறுப்பு பெயின்ட் அடித்திருக்கிறார், எதிரே வருகிறவருக்குக் கூசக்கூடாது என்று. லாரிக்காரர்களும் அடித்தால் என்ன?

24-1, புதன்

சயின்ஸ் டீச்சரிடம் கேட்டேன். யாருக்கு என்று சொல்லவில்லை. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸில் புரை விழுந்தால் வெளிச்சம் சிதறுமாம். லைப்ரரி புத்தகத்திலும் இருந்தது.

மாலையில் சோதனை. கண்ணாடித் துண்டில் தேங்காயெண்ணெய் தடவி, அதன் வழியாக பல்பைப் பார்த்தேன். பல்பைச் சுற்றிப் பெரிய வெள்ளைப் பூ! ரொம்ப அழகு. லாரி விளக்கு அப்பாவுக்கு இப்படித்தான் என்று நினைத்ததும் அழகு போய்விட்டது.

அந்தப் பூவை வரைந்து அப்பாவிடம் காட்டினேன். "இப்படியாப்பா?"

"இதவிடப் பெருசு."

"அப்ப டாக்டர்ட்ட போவோம்ப்பா."

"கல்யாணம் முடியட்டும். மாப்ள அழைப்புக்கு என் கார நான்தான் ஓட்டணும். என் தங்கச்சி இல்லியா? யார்ட்டயும் மூச்சு விடாத."

சத்தியம் பண்ணிவிட்டேன். பண்ணியிருக்கக் கூடாதோ?

30-1, செவ்வாய்

கணக்குப் பரீட்சை சுமார். கார் முன்கண்ணாடியை உள்ளும் புறமும் சோப்பு போட்டுத் துடைத்தேன். அப்பாவின் மூக்குக்கண்ணாடியையும். எதிர் விளக்கைப் பார்க்காமல் ரோட்டின் இடது ஓரத்தைப் பார்க்கச் சொன்னேன். "சரிங்க டீச்சர்" என்றார்.

மேளம், காஸ் லைட்டு எல்லாம் சொல்லியாயிற்று. லைட்டுக்காரர்கள் காருக்கு முன்னால்தான் நடப்பார்களாம். மாப்பிள்ளை முகம் ஊருக்குத் தெரியவேண்டுமாம். அப்பாவுக்கு ரோடு தெரிய வேண்டாமா?

1-2, வியாழன்

எழுதாமல் தூங்கமாட்டேன்.

சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை ராசு மாமா, அரியலூரில் லாரி ஓட்டுகிறவர். (கட்டாயம் டிம் பண்ணுவாராம். கேட்டுவிட்டேன்.) பிள்ளையார் கோவிலில் மாலை போட்டுப் பின்சீட்டில் உட்கார வைத்தார்கள். ஸ்டியரிங்கில் அப்பா, பக்கத்தில் நான். முன்னால் மேளமும் காஸ் லைட்டுகளும்.

மெயின் ரோட்டில் திரும்பியதும் எதிரே ஒரு லாரி. அப்பா பிரேக் போட்டார். லாரி போயிற்று, கார் நகரவில்லை. கண்ணாடி முழுக்க காஸ் லைட்டு. அந்த லைட்டுக்கும் காருக்கும் நடுவில் குழந்தைகள் ஆடிக்கொண்டே போனார்கள். அப்பாவுக்கு அவர்கள் தெரியவில்லை.

"என்னா மச்சான்?" என்றார் மாமா.

சத்தியம் போனது. "அப்பாவுக்குக் கண்ணு கூசுது மாமா. முன்னாடி ஒண்ணும் தெரியல."

செத்தேன் என்று நினைத்தேன். மாமா சிரித்தார். "அட, இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? எனக்கும் பின்னாடி உக்காந்து பழக்கமில்ல. எறங்குங்க, நான் ஓட்டுறேன்."

"மாப்ள ஓட்டுறதா? ஊரே சிரிக்கும்!"

"சிரிக்கட்டும். கல்யாணந்தான?"

மாலை ஸ்டியரிங்கில் இடித்தது. மாமா அதைக் கழற்றி, பின்சீட்டுக்கு மாறிய அப்பா கழுத்திலேயே போட்டுவிட்டார். முன்னால் போனவர்கள் யாரும் கவனிக்கவில்லை.

மண்டப வாசலில் ஆரத்தித் தட்டோடு அம்மா, முகத்துக்கு நேரே காஸ் லைட்டு. குனிந்த தலை நிமிரவில்லை. பின்சீட்டில் மாலை தெரிந்தது, போதும். பயபக்தியோடு மூன்று சுற்று சுற்றி, நெற்றியில் பொட்டும் வைத்தாள்.

"எனக்கெதுக்குடி?" என்றார் அப்பா.

தட்டு விழாமல் பிடித்தது நான்தான். தெருவே சிரித்தது. நாயனக்காரருக்கு ஊத முடியவில்லை. மாடி ஜன்னலில் அத்தை, வாயில் முந்தானை.

"லைட்டு மூஞ்சிலயே அடிச்சா? எனக்கு ஒண்ணுமே தெரியல." அம்மா அழாத குறை.

"தெரியலல்ல?" என்றார் அப்பா, எல்லோர் முன்னாலும். "எனக்கு தெனம் ராத்திரி இப்புடித்தான்."

அம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

2-2, வெள்ளி

தாலி கட்டியாயிற்று. அத்தை அழுதாள், அப்பா பொட்டைப் பார்த்து மறுபடி சிரித்தாள். பாயசம் பிரமாதம்.

திங்களன்று திருச்சிக்குக் கண் டாக்டரிடம். பஸ்ஸில். நானும் வரவேண்டுமாம், அந்தப் பூப் படத்தோடு. "இருட்டினால் கார் கிடையாது" என்று காருக்கு ஒரு அட்டை எழுதித் தரச் சொன்னார் அப்பா. எழுத்து பெரிதாக இருக்கவேண்டுமாம்.

அப்பா முகம் கழுவும்போது பார்த்தேன். நெற்றிப் பொட்டை விட்டுவிட்டுச் சுற்றிக் கழுவுகிறார்.

"அது அழியலியாப்பா?"

"உங்கம்மா வச்சது. தானா போவட்டும்."