பிள்ளையார் ஏறின சில்லு அலுமாரி

உருத்திரபுரம்,
கிளிநொச்சி.
புரட்டாசி மாதம், வெள்ளிக்கிழமை.

அன்புள்ள பெறாமகள் அனோஜாவுக்கு,

இங்கே நானும் சித்தியும் சுகம், மாடு சுகம், கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் கீழே போனாலும் அதுவும் சுகம்தான். அங்கே எட்மன்டனில் நீயும் தர்சனும் குளிருக்கு முதலே கம்பளி எல்லாம் எடுத்து வைத்துச் சுகமாக இருக்கிறீர்கள் என்று அறிந்தால்தான் எங்களுக்குச் சோறு இறங்கும். நீ போனில் மூன்று அலுமாரியின் படம் அனுப்பி, சித்தப்பா, புது வீட்டுக் கராஜுக்குச் சில்லு வைத்த, இழுத்துத் திறக்கிற லாச்சி அலுமாரி ஒன்று வேண்டும், விலையும் கையைக் கடிக்கக் கூடாது, இதில் எதை வாங்க என்று கேட்டிருந்தாய். கேட்க வேண்டிய ஆளைத்தான் கேட்டிருக்கிறாய். பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்போடு வாத்தியார்மாருக்கு என்னைப் படிப்பிக்க ஏலாமல் போனாலும், இரும்புச் சாமானில் எனக்குத் தெரியாததை இந்த மாவட்டத்தில் ஒருவனும் சொல்லித் தர ஏலாது. இதைப் போனில் சொல்லாமல் எழுதுவது ஏன் என்றால், போனில் நடுவிலே சித்தி வாங்கித் தன் பாட்டில் வேறு மாதிரிச் சொல்லுவா. கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. உன்னோடு படித்த மேனுகா விடுமுறை முடிந்து புதன்கிழமை அங்கே திரும்புகிறாள், மிளகாய்த்தூளோடு இதையும் கொண்டுவந்து தருவாள்.

தர்சன் சிரிக்கிறார் என்றும் சொன்னாய். நாலு ஸ்பனரும் ஒரு சுத்தியலும் வைக்க ஒரு வாளி போதுமே, அதற்கு அலுமாரியோ, அலுமாரிக்குச் சில்லு வேறயோ என்று கேட்டாராம். அவர் வங்கியில் இருக்கிற பிள்ளை, பேனைக்குச் சில்லு தேவைப்படாதுதானே. நீ பஸ் டிப்போவில் எஞ்சினுக்குள் தலையை விடுகிறவள், உனக்குத்தான் தெரியும் கைக்கெட்டின தூரத்தில் சாமான் இல்லாவிட்டால் என்ன பாடு என்று. ஆனபடியால் அவர் சிரிக்கட்டும், அதைப் பற்றிக் கடைசியில் சொல்லுகிறேன்.

ஒரு விசயத்தை முதலிலேயே எழுதிவிடுகிறேன், பிறகு சித்தப்பா மறைத்துப்போட்டார் என்று சொல்லக்கூடாது. என்னுடைய அலுமாரி இப்ப என்னிடம் இல்லை. அது வீட்டுக்கு முன்னால் உள்ள பிள்ளையார் கோயிலில் இருக்கிறது. திரும்பி வருமா இல்லையா என்பது நாளை நின்று ஞாயிற்றுக்கிழமைக் கோயில் கூட்டத்தில்தான் முடிவாகும். மழை தொட்டால் காலபோக உழவு, ஊரில் உள்ள லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் எல்லாம் திருத்தச் சொல்லி என் கொட்டில் வாசலில் வரிசையாக வந்து நிற்கும், சாமான் முழுக்க உரப்பைக்கு மேலே கொட்டிக் கிடக்கிறது. போன கிழமை ஒரு ஸ்பனரைக் காலையில் இருந்து தேடினேன், கடைசியில் அதைக் கண்டுபிடித்தது சித்தியின் கால். அப்போது அவா சொன்னதை நான் எழுத மாட்டேன்.

இனி அதை முந்தி வாங்கின கதை. பரந்தனில் ஒரு கடைக்குப் போனேன், அங்கேயும் உன்னைப் போல மூன்றுதான் நின்றது, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம், ஒன்று கறுப்பு. சிவப்பு நல்ல வடிவு, விலையைக் கேட்டவுடன் வடிவு குறைந்துவிட்டது. நீலத்தின் தகட்டைப் பெருவிரலால் அமத்தினேன், பப்படம் மாதிரி உள்ளே போய் வெளியே வந்தது. கறுப்புத்தான் எல்லாவற்றிலும் மலிவு, ஆனால் தகடு அசையவில்லை, லாச்சி ஓடுகிற தண்டவாளத்துக்குள் குண்டு பேரிங் இருந்தது. பேரிங் இருக்கிற லாச்சி பாரம் ஏற்றினாலும் வழுக்கிக்கொண்டு வரும், இல்லாதது மழைக்காலத்துக் கதவு மாதிரி இறுகும், நீ கட்டாயம் இழுத்துப் பார்த்து வாங்கு. ஆனால் ஒவ்வொன்றாக இழு. நான் ஐந்து லாச்சியையும் ஒரேயடியாக இழுத்தேன், அலுமாரி முன்னுக்குச் சரிந்தது, அதை ஒற்றைக் கையால் பிடித்து நிமிர்த்தினேன், கடைக்காரப் பெடியன் வாயைப் பிளந்துகொண்டு, அண்ணை முந்திப் பாரம் தூக்கிற போட்டியளுக்குப் போன ஆளோ என்று கேட்டான். நானும் அலுமாரியும் சேர்ந்துதான் விழுந்தோம் என்று சித்தி சொல்லுவா. அவா அப்போது வெளியே வெள்ளரிப்பழம் விலை பேசிக்கொண்டு நின்றவா, அவாவுக்கு என்ன தெரியும். எது எப்படியோ, பாரமான சாமானைக் கீழ் லாச்சியில் போடு, ஒரு லாச்சி திறந்திருக்க மற்றது பூட்டுப்படுகிற மாதிரி அங்கே ஏதும் கிடைத்தால் அதை விடாதே.

வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கின உடனேயே சித்தி தொடங்கிவிட்டா. "உந்த இரும்புப் பெட்டிக்குச் சில்லு ஏன், அது எங்கை நடந்து போகப் போகுதோ, உங்களுக்குத்தான் பொழுது போகாட்டில் கோயில் மடத்துக்கு நடக்கிறியள், அதுவும் கூட வரப்போகுதோ" என்று. வருகிற போகிற ஆட்களுக்கும் காட்டிச் சிரிப்பா. அவாவின் வாய் பட்டதோ என்னவோ, முற்றத்துக் கிரவல் கல்லில் உருட்டின முதல் கிழமையே ஒரு சில்லு உடைந்தது. அது பிளாஸ்ரிக் சில்லு. மலிவு அலுமாரியில் கொம்பனிக்காரன் மிச்சம் பிடிக்கிற இடம் அதுதான் பிள்ளை, இதை நன்றாக மனதில் வை. நான் விட்டேனா, பழைய இரும்பு விற்கிற இடத்துக்குப் போய், ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில் நோயாளியைத் தள்ளுகிற கட்டிலின் ரப்பர் சில்லு நாலையும் கழற்றிக்கொண்டு வந்தேன், இரண்டில் பிறேக்கும் இருந்தது. எத்தனை பெரிய மனிதர்களைச் சுமந்த சில்லோ. கொட்டிலுக்குள் சீமெந்தும் போட்டுப் பூசினேன், அதற்குப் பிறகு அலுமாரி விரலால் தொட்டாலே போகும், ஒருமுறை காற்றுக்கே போனது.

இப்ப கோயில் கதைக்கு வருகிறேன். கோயில் தலைவர் பரமலிங்கம் அண்ணையை உனக்குத் தெரியும்தானே. போன வருடம் தீர்த்தத்துக்குச் சாமியைக் குளத்துக்குக் கொண்டுபோனது அவருடைய உழவு மெசினுக்குப் பின்னால் இழுக்கிற பெட்டியில். அன்றிலிருந்து ஒரு வருடமாக அவருக்கு வேறு கதை இல்லை, பிள்ளையார் என்ர பெட்டியிலை ஏறினவர், என்ர பெட்டியிலை ஏறினவர் என்று, தேத்தண்ணி குடிக்கிற இடத்திலும் அதே கதை. இந்த ஆவணிச் சதுர்த்தியன்று பின்னேரம் பிள்ளையார் எலி வாகனத்தில் ஏறி, மாலை எல்லாம் சாத்தி, மேளம் முழங்கி வெளிக்கிட ஆயத்தமான நேரம், வாகனத்தைத் தாங்குகிற சகடையின் அச்சு டக்கென்று முறிந்தது. தோளில் தூக்குவம் என்று தண்டை எடுத்தால் அதைக் கறையான் தின்று போட்டுது. கோயிலைச் சுற்றிப் போட்டிருக்கிற சீமெந்துப் பாதை ஒடுக்கம், பரமலிங்கம் அண்ணையின் மெசின் பெட்டி அதற்குள் நுழையாது. அவர் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிறார். நான் முன்னுக்குப் போய், "தள்ளுங்கோ, பிள்ளையாரை என்ர அலுமாரியிலை ஏத்துங்கோ" என்றேன். மேளமே நின்றுவிட்டது. (மேளம் அச்சு முறிந்தபோதே நின்றது என்று சித்தி சொல்லுவா.) அண்ணை பாய்ந்தார், "எடேய் செல்வநாயகம், கிறீஸ் பெட்டியிலையோ சாமி" என்று. "கிறீஸைத் துடைக்கலாம் அண்ணை, முறிஞ்ச அச்சைத் துடைச்சால் ஒட்டுமோ" என்றேன். ஐயர்தான், நல்ல நேரம் போகுது, கழுவிக் கொண்டு வாங்கோ என்று முடித்து வைத்தார்.

சாமான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, சவர்க்காரத்தூள் போட்டு உரஞ்சி, தேசிக்காய் தேய்த்து, மஞ்சள் தண்ணி தெளித்துக் கொண்டுபோனோம். மேலே சுற்ற நல்ல துணி இல்லை என்று நின்ற நேரம் சித்தி உள்ளே போய்த் தன் தாமரைப்பூ நிறப் பட்டுச்சேலையை எடுத்து வந்து தந்தா, தன் உடுப்பு அலுமாரிக்குள் கை விட என்னையே விடாமல் பொத்திப் பொத்தி வைத்த சேலை. எலி வாகனத்தை மேலே வைத்துக் கயிற்றால் கட்டினோம். எங்கட பிள்ளையார் அவ்வளவு உயரத்தில் ஒருநாளும் போனதில்லை, கடைசியில் நின்ற சின்னப்பிள்ளைகளுக்கும் முகம் தெரிந்தது. சத்தமே இல்லை அனோஜா, நோயாளி முழிக்கக் கூடாது என்று செய்த சில்லு, சாமிக்கும் அந்த மரியாதையைக் கொடுத்தது. வடக்கு மூலையில் பாதை கொஞ்சம் சரிவு, அந்த இடத்தில் மூன்றாவது லாச்சி தன் பாட்டில் சேலையை விலக்கிக்கொண்டு மெல்ல வெளியே வந்தது. நான் வேட்டி மாற்றுகிற அவசரத்தில் லாச்சி பூட்டுகிற திறப்பை வீட்டில் விட்டுவிட்டேன். பக்கத்தில் நின்ற இரஞ்சிதம் அக்கா பார்த்தா, பிள்ளையார் கை நீட்டுறார் என்று சொல்லி ஒரு காசுத்தாளை எடுத்து லாச்சிக்குள் போட்டா. பிறகு கேட்க வேண்டுமோ, சனம் முண்டியடித்துக்கொண்டு போட்டது, ஒரு சுற்று முடிய லாச்சியை மூட ஏலவில்லை. நான் யோசித்துத்தான் பூட்டாமல் விட்டேன் என்று ஊரில் சொல்லியிருக்கிறேன், நீயும் ஆரும் கேட்டால் அப்படியே சொல்லு.

ஆனால் வினை அதில்தான் தொடங்கினது. திருவிழா முடிய அலுமாரியை எடுக்கப் போனால் பரமலிங்கம் அண்ணை மைக்கில் அறிவிக்கிறார், சாமி ஏறின வாகனம் இனி வெளியிலை போகக் கூடாது, அது கோயில் சொத்து என்று. ஒரு வருடமாகத் தன் பெட்டிக்கு இருந்த புகழ் என் அலுமாரிக்கு வந்த எரிச்சல், வேறு ஒன்றும் இல்லை. இப்ப அது வாகனசாலைக்குள் எலிக்குப் பக்கத்தில் சந்தனப் பொட்டோடு நிற்கிறது. நான் காலையும் மாலையும் கம்பிக்குள்ளால் எட்டிப் பார்ப்பேன், கும்பிடுகிறதா, சில்லுக்கு எண்ணெய் விடுகிறதா என்று தெரியாமல் நின்றுவிட்டு வருவேன். சாமிக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிறான் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயமும் இருக்கிறது, கேட்காமல் விட்டால் இந்தப் போகம் முழுக்க உரப்பைதான். கூட்டத்தில் பேச மூன்று பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். முடிவைப் பார்த்துவிட்டு மிச்சத்தை எழுதுகிறேன்.

திங்கட்கிழமை காலை. பிள்ளை, அலுமாரி கொட்டிலுக்குள் நிற்கிறது. அதன் மேல் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

நேற்று ஊர்ச் சனம் எல்லாம் மடத்தில் கூடினது. நான் எழும்பி, சில்லு என்பது மனிதன் முதல்முதலில் கண்டுபிடித்தது என்று தொடங்கி முதல் பக்கத்தின் நடுவில் நிற்கிறேன், பரமலிங்கம் அண்ணை, "செல்வநாயகம், சுருக்கிச் சொல்லு, தேத்தண்ணி ஆறுது" என்றார். சனம் சிரிக்க எனக்குக் கண் மங்கி அடுத்த வரி தெரியவில்லை. அந்த நேரம் பெண்கள் பக்கத்தில் இருந்து சித்தி எழும்பினா. மைக் கேட்கவில்லை, அவாவுக்கு அது எதற்கு. "அண்ணை, சாமி ஏறினதெல்லாம் கோயிலுக்கெண்டால் உங்கட மெசின் பெட்டியை எப்ப கொண்டுவந்து விடப்போறியள்" என்று கேட்டா. அவர், அது வேறை, இது வேறை என்றார். "என்ன வேறை? அதுவும் சில்லிலைதான் ஓடுது, இதுவும் சில்லிலைதான் ஓடுது, பிள்ளையார் ரெண்டிலையும் ஏறினவர். தீர்த்தத்துக்குப் போன அந்தப் பெட்டியிலை போன கிழமை நீங்கள் மாட்டெரு ஏத்தினதை நான் இந்தக் கண்ணாலை கண்டனான். எருவை விட இவரின்ர கிறீஸ் ஊத்தையோ?" ஐயர் சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறார். சனம் கை தட்டினது. கடைசியில் அண்ணைக்கே சிரிப்பு வந்துவிட்டது, "கொண்டு போ மச்சான், உன்ர மனுசியோடை வழக்காட என்னாலை ஏலாது, ஆனால் சகடை அச்சை நீதான் செய்து தரவேணும்" என்றார். ஐயர் ஒரு நிபந்தனை வைத்தார், மேல் லாச்சிக்குள் சாமான் போடக் கூடாது, அது சாமிக்கு, திருவிழாவுக்குத் திருவிழா கழுவித் தரவேண்டும் என்று. ஓம் என்றேன். ரோட்டுக்குக் குறுக்காலே நான் முன்னுக்கு இழுக்க, பின்னுக்குத் தள்ளிக்கொண்டு வந்தது ஆர் என்று நினைக்கிறாய், பரமலிங்கம் அண்ணைதான். சித்தி கேட்ட அந்த எருக் கேள்வி என்னுடைய மூன்றாம் பக்கத்தில் இருந்தது, அவா எப்படியோ முந்திவிட்டா.

வீட்டுக்கு வந்து சும்மா கேட்டேன், அலுமாரி ஏன் என்று வருடக்கணக்காகச் சிரித்த ஆள் இப்ப அதற்காகச் சண்டைக்கு எழும்பினது என்ன என்று. சித்தி அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "நான் சிரிப்பன். அது என்ர வீட்டுச் சாமான். ஊரார் சிரிக்க ஆர் விட்டது" என்றா.

ஆனபடியால் நீ அனுப்பின மூன்றிலும் மலிவானதையே வாங்கு, தகட்டை அமத்திப் பார், பேரிங்கைப் பார், மிச்சம் பிடித்த காசில் நல்ல ரப்பர் சில்லாகப் பார்த்து மாற்று. லாச்சிக்குள் பழைய சைக்கிள் ரியூபை வெட்டி விரித்தால் சாமான் உருளாது. பிறேக் போடாமல் லாச்சி திறக்காதே. மேல் லாச்சியை வெறுமையாக விடு, ஆர் எப்ப ஏறுவார் என்று சொல்ல ஏலாது. தர்சன் சிரித்தால் கோபிக்காதே, வடிவாகச் சிரிக்கட்டும், ஆனால் அவருடைய கூட்டாளி ஒருவன் வந்து அதைப் பார்த்துச் சிரிக்கிற அன்று அவரின் முகத்தைப் பார், பிறகு எனக்குச் சொல்லு.

பிள்ளையார் உங்கள் இரண்டு பேரையும் வழுக்காமல், சறுக்காமல், பனியில் விழாமல் வைத்திருக்கட்டும். மிளகாய்த்தூளை வெயில் படாமல் வை, சித்தி இரண்டு நாள் நின்று வறுத்தது. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் அவாவுக்குப் போன் எடு, ஆனால் அலுமாரி எப்படித் திரும்பி வந்தது என்று அவாவிடம் கேட்காதே, இந்தக் கடிதத்தில் உள்ளதுதான் சரி.

இப்படிக்கு,
உன்னை எந்நேரமும் நினைக்கிற சித்தப்பா,
க. செல்வநாயகம்
(பிள்ளையாருக்கு அலுமாரி கொடுத்தவர்)