பதினொரு ஆமென்

கணபதி, கோயம்புத்தூர்
ஞாயிறு, மத்தியானம்

கண்ணு மதிவதனிக்கு,

அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையில் இங்கே நானும் அப்பாவும் சுகம். நீ அங்கே சுகமா என்று கேட்டு எழுதுவதுதான் முறை. கேட்கவில்லை. சுகமில்லை என்று தெரியும். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுகிறாய், அதனால் பருப்புப் பொடி பார்சலுக்குள் இதை வைத்து அனுப்புகிறேன். காகிதத்தைப் பாதியில் வைத்தாலும் மீதி அங்கேயேதான் இருக்கும்.

அப்பாவுக்குப் பட்டறையில் ஆர்டர் சுமார். காது இன்னும் கொஞ்சம் மந்தமாகியிருக்கிறது, டாக்டரிடம் போகச் சொன்னால் லேத் சத்தம் கேட்கிறதே போதும் என்கிறார். தண்ணீர் எட்டு நாளைக்கு ஒருமுறை. எட்டாம் வகுப்புப் பேப்பர் நூற்றிருபது மேசைமேல் கிடக்கிறது, திருத்தவில்லை. இதெல்லாம் செய்தி இல்லை. செய்தி நீதான்.

போன வாரம் கத்தினாய். அந்தச் சபைக் கூட்டத்துல ஒருத்தராவது யோக்கியமா, என் விசுவாசம் எனக்கும் கடவுளுக்கும் நடுவுல, அதுக்கு எதுக்கு நூறு பேரு என்று. எவ்வளவு அழகான வாக்கியம். நானும் உன் வயதில் யுனிவர்சிட்டி ஹாஸ்டலில் இதையே சொல்லிக்கொண்டு திரிந்தேன், இதைவிட நல்ல தமிழில். ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை தூங்குகிற எல்லோருக்கும் கடவுளோடு தனிப்பட்ட உறவு இருக்கிறது. பார்த்திருக்கிறேன். சரி, யோக்கியர் யாரும் இல்லை. ஒத்துக்கொள்கிறேன். லட்சுமணசாமி அண்ணன் கமிட்டித் தேர்தலில் தோற்ற நாளிலிருந்து பிரசங்க நேரம் முழுக்க ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கிறார், இரண்டு வருடமாக, கழுத்து வலிக்காதா. கேமரா பிடிக்கிற சசிதர் தன் மாமியார் பாடும்போது மட்டும் கேமராவைச் சிலுவைப் பக்கம் திருப்பிவிடுவான். உன் அப்பா இரண்டாம் பாட்டில் கண்ணை மூடினால் ஆசீர்வாதத்தில்தான் திறப்பார். பாட்டு ஒரு பக்கம், கீபோர்டு ஒரு பக்கம். பிறகு ராசாத்தாள்.

ராசாத்தாளை உனக்கு ஞாபகம் இருக்கும். பம்ப் கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவர். அன்னூர்ப் பக்கம் என் அம்மா களை எடுத்த அதே காட்டில், அம்மாவுக்குப் பிறகு களை எடுத்தவர். அந்தக் காட்டை நான் எம்.ஏ. படித்து மறந்தேன், அவர் மறக்க விடுவதில்லை. பதினைந்து வருடமாகச் சபையில் என் பக்கத்து இடம். ஜெபம் என்ற பெயரில் ஊர்ச் செய்தி வாசிப்பவர். ஆண்டவரே நீர் அறிவீர் என்று ஆரம்பித்து, ஒன்றுமே அறியாத ஆண்டவருக்குச் சொல்வதுபோல முழு விவரமும் வரும், தெருப் பெயர், டாக்டர் பெயர், மாத்திரை உட்பட. பதினைந்து வருடமாகக் கண்ணை மூடிக்கொண்டே அவரை இளக்காரமாகப் பார்த்துவந்தேன்.

ஐந்து வாரத்துக்கு முன் நம் சபை ஆராதனை யூடியூபில் ஓடிக்கொண்டிருந்தபோது அதன் ஓரத்தில் நீ எழுதினாய். யாராவது எனக்காக ஜெபிங்க, ஒரு மாசமா காலேஜ் போகல, அழுகை நிக்கல, அம்மாகிட்டச் சொல்லாதீங்க. அதற்குக் கீழே பதினொரு ஆமென். பிறகு எடுத்துப் பார்த்து எண்ணினேன். நான்கு கும்பிடும் கை. ஒரு ரோஜாப்பூ. அழுகை நிற்கவில்லை என்கிற பிள்ளைக்கு ரோஜாப்பூ. விரல் நுனியில் விசுவாசம். ஒருவரும் யார் நீ, என்ன ஆச்சு என்று கேட்கவில்லை, அடுத்த பாட்டுக்கு ஆமென் போடப் போய்விட்டார்கள். அன்று ராசாத்தாள் கஞ்சி கொட்டிக் கால் வெந்து வீட்டில் கிடந்தார். படிக்கத் தெரியாது. மகள் பூஜிதா போனில் வந்ததையெல்லாம் வாசித்துக் காட்டிவிட்டு, போட்டோவைப் பார்த்தா டீச்சரம்மா மக மாதிரி இருக்குதும்மா என்றிருக்கிறாள்.

அடுத்த ஞாயிறு கட்டுப் போட்ட காலோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஜெப நேரத்தில் எழுந்து நின்று கண்ணை இறுக மூடினார். ஆண்டவரே, டீச்சரம்மா புள்ள மதிவதனி ஜெர்மனியில காலேஜுக்குப் போகாம அழுதுக்கிட்டு இருக்குது, நீர் அறிவீர், அம்மாகிட்டச் சொல்ல வேண்டாமுன்னு புள்ள கெஞ்சியிருக்குது ஆண்டவரே, அன்புச்செல்வி டீச்சர் காதுல யாரும் போட்டுப்போடாதபடி எல்லார் நாக்கையும் கட்டிப்போடும். எண்பது பேர். மைக் இல்லாமலே. நான் அவர் முழங்கைக்குக் கீழே. லட்சுமணசாமி அண்ணன் இரண்டு வருடத்தில் முதல்முறையாக ஜன்னலை விட்டுத் திரும்பிப் பார்த்தார். எழுந்து வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் உன்னைக் கூப்பிட்டேன், மார்க் என்ன ஆகும் என்று கேட்டேன். அதுதான் என் முதல் கேள்வி. நீ போனை வைத்தாய். சரியாகத்தான் செய்தாய்.

அதன்பின் மூன்று வாரம் நானும் உன் மதத்துக்கு மாறினேன். டிவியில் ஆராதனை. வசதி. பாவ அறிக்கைக்குக் குக்கர் மூன்று விசில். காணிக்கை நேரத்தில் இட்லி. பிரசங்கம் அலுத்தால் தாண்டிவிடலாம். அப்பா மட்டும் போய்த் தூங்கிவிட்டு வந்தார். அழுதேன், கண்ணு, மூன்று வாரமும். டிவி ஆசீர்வாதம் சொல்லிவிட்டு ஓய்ந்தது, தலைமுடி எண்ணெய் விளம்பரம் வந்தது.

மூன்றாம் ஞாயிறு சாயங்காலம் ராசாத்தாள் வந்தார், பஸ் ஸ்டாப்பிலிருந்து அந்தக் காலை இழுத்துக்கொண்டு. உள்ளே வாங்க என்று நான் சொல்லவில்லை. வாசலில் நின்றே, ஏனுங்க டீச்சரம்மா, என்மேல கோவமுன்னா நல்லாத் திட்டிப்போடுங்க, ஆனா பக்கத்துல உக்காந்து திட்டுங்க, எடம் காலியாக் கெடக்குது, எனக்கு ஜெபமே வரமாட்டேங்குது என்றார். ஜெபத்துல சொல்றதுக்கு உங்களுக்கு வேற வீடே கெடைக்கலையா என்று கேட்டேன். வேற எங்க போயிச் சொல்றதுங்க, அதுக்குத்தான சபை என்றார். பிறகு, புள்ள சாப்புடுதுங்களா என்று கேட்டார். பதினொரு ஆமென் கேட்காத கேள்வி. பெற்ற நான் கேட்காத கேள்வி. உள்ளே வாங்க என்றேன்.

அவரை இன்னும் எனக்குப் பிடிக்கவில்லை. இன்று காலையும் பக்கத்தில் உட்கார்ந்து மனதுக்குள் திட்டினேன். ஆனால் பாட்டின் நடுவில் நான் பாடாமல் நின்றுவிட்டபோது பாட்டு நிற்கவில்லை, அந்தக் கரகரக் குரல் என் பங்கையும் சேர்த்துப் பாடியது. இதற்குத்தான் கூடுகிறோம். பிடித்தவர்களோடு உட்கார ஹோட்டல் இருக்கிறது. தனியாக வைத்துக்கொண்ட விசுவாசம் எனக்குத் தெரிந்ததையே எனக்குத் திருப்பிச் சொல்கிறது. இரண்டு மாதமாக அந்த அறையில் உனக்கு நீயே சொல்லிக்கொண்டது போதாதா. உன்னைத் தேற்ற இன்னொருவர் வாய் வேண்டும், வெற்றிலை நாறுகிற வாயாக இருந்தாலும். வசனம் எங்கே என்பாய். ஞாயிறு பள்ளியில் பரிசு வாங்கியவள் நீ. தேடிக்கொள்.

பாஸ்டர் விசாரித்துச் சொன்னார். உன் டோர்ட்முண்டிலேயே ஒரு ஜெர்மன் சர்ச்சின் பின்னறையில் ஞாயிறு மூன்று மணிக்குத் தமிழ்க் கூட்டம் ஒன்று கூடுகிறதாம், முப்பது பேர், பெரும்பாலும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். முகவரியைப் பொடி டப்பாமேல் ஒட்டியிருக்கிறேன். பாட்டை இழுப்பார்கள். எப்போது கல்யாணம் என்பார்கள். உனக்கு அவர்களைப் பிடிக்காது. போ. பேச வேண்டாம், ஓரமாக உட்கார். நான்கு வாரம் ஒரே இடத்தில் உட்கார். ஐந்தாம் வாரம் நீ வராவிட்டால், திங்கட்கிழமை உன் கதவைத் தட்ட, உனக்குப் பிடிக்காத ஒரு ஆள் அந்த ஊரில் வேண்டும். என்னால் தட்ட முடியாது, கண்ணு. கை எட்டாது.

கர்த்தர் உன்னைக் காக்கட்டும். எழுந்து நிற்க முடியாத நாளில் பக்கத்தில் நிற்கிறவர்களைத் தரட்டும். பொடிக்கு நல்லெண்ணெய்தான், அந்த ஊர் எண்ணெயை ஊற்றாதே. காலேஜைப் பற்றிக் கேட்க மாட்டேன். சாப்பிட்டேன் என்று தினமும் ஒரு வரி போடு, எனக்கு அது போதும், ராசாத்தாளுக்குப் போதாது. வருகிற ஞாயிறும் உனக்காக எழுந்து நிற்பாராம். புதிதாகச் சொல்ல ஏதாவது கொடு அம்மணி, இல்லையென்றால் பழையதையே எண்பது பேருக்கும் மறுபடி சொல்வார். நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன்.

உன் அம்மா,
அன்புச்செல்வி