நடுநாக்கு

பிப்ரவரி 9, திங்கள்

மாத்திரை தீர்ந்துவிட்டது. பஸ் பிடித்து மலை இறங்கி, கீழூர் மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்காரர் நம்ம ஆள்தான். எனக்கு முன்னால் நின்றவரிடம் எங்கள் மலைமொழியான ரொமான்ஷில்தான் வாயாடிக்கொண்டிருந்தார். என் முறை வந்ததும், வரும்போதும் போகும்போதும் நாங்கள் சொல்கிற "ச்சியாவ்" சொன்னேன். அதாவது, சொல்ல நினைத்தேன். வெளியே வந்தது "ஷாவ்". அவர் சிரித்த முகம் மாறாமல் ஜெர்மனுக்குத் தாவிவிட்டார். "சொல்லுங்க, என்ன வேணும் உங்களுக்கு?"

அவரைக் குற்றம் சொல்ல வாயில்லை. எங்கள் ஊர்ப் பழக்கமே அதுதான். காதில் ஒரு ஒலி பிசகி விழுந்தால் போதும், வந்தவர் வெளியூர் என்று முடிவுகட்டி, நாற்காலியை இழுத்துப் போடுவதுபோல ஜெர்மனை எடுத்துப் போட்டுவிடுவோம். மரியாதை செய்ததாக நினைப்பு வேறு. என் சலூனில் இருபத்தாறு வருஷம் நானும் இதைத்தானே செய்தேன்?

ஆனால் நான் இந்த மலையில் பிறந்தவள். நாக்கில் புற்று என்று நவம்பரில் வலப்பக்கம் ஒரு துண்டை எடுத்தார்கள். துண்டு போனால் ஊரும் போய்விடுமா?

பிப்ரவரி 12, வியாழன்

பேச்சுப் பயிற்சி. சொல்லிக்கொடுக்கிற ரெகூலா நல்ல பெண், பட்டணத்துக்காரி. அவள் தரும் தாள்கள் எல்லாம் ஜெர்மன். படித்துக் காட்டினேன். "பிரமாதம் பார்லா, தொண்ணூறு சதவீதம் தெளிவா இருக்கு" என்றாள்.

ஜெர்மன் தெளிவாக இருந்து எனக்கென்ன? வரி கட்டவும் டாக்டரைப் பார்க்கவும்தானே அது. எனக்கு வேண்டியது நாக்கின் நடுமுதுகு மேலண்ணத்தில் அப்பி, ஈரத்தோடு உரிந்து வருமே, ச்சியாவின் அந்த முதல் ஒலி. அதற்குப் பயிற்சி இருக்கிறதா என்று கேட்டேன். அவள் மூன்று முறை முயன்றாள். மூன்றும் தும்மல் மாதிரி இருந்தது.

"எனக்கே அது வராதே" என்றாள்.

இரண்டு பேரும் சிரித்தோம். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அழுகை வந்தது.

பிப்ரவரி 22, ஞாயிறு

ரெகூலா சொன்ன உபாயம்: மேலண்ணத்தின் நடுவில் ஒரு பொட்டுத் தேன் தடவி, நாக்கை வளைத்து நக்கி எடுக்கணும். காலை எட்டு மணிக்குத் தடவினேன். கோயில் முடிந்து வந்து கண்ணாடியில் பார்த்தால் தேன் அப்படியே இருக்கிறது.

லுரெஞ் எட்டிப் பார்த்து, "இன்னும் கொஞ்ச நேரம் விட்டா தேனீயே வந்து எடுத்துட்டுப் போயிரும்" என்றான்.

என் புருஷன் பெயரே என்னால் சொல்ல முடியவில்லை. கடைசி ஒலி நாக்கில் நிற்பதில்லை. லுரென். லுரென். லுரென். யாரோ வேற்றாளைக் கூப்பிடுவது மாதிரி இருக்கிறது. அவன் மட்டும் ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்க்கிறான்.

மார்ச் 14, சனி

மெஞ்சியா முடி வெட்டிக்க வந்தாள். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். பின்பக்கம் எவ்வளவு எடுக்கணும் என்று கேட்டேன். பதில் ஜெர்மனில். கத்தரியை வைத்துவிட்டு அவளையே பார்த்தேன்.

"நீ கஷ்டப்பட வேணாமேன்னுதான்டி" என்றாள். அதையும் ஜெர்மனில்.

கத்தரியை மறுபடி எடுத்தேன். கொஞ்சம் கூடுதலாகவே வெட்டிவிட்டேன். வேணுமென்று இல்லை. வேணுமென்றுதானோ?

மார்ச் 27, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. எழுதிவிட்டால் நிஜமாகிவிடும்.

மத்தியானம் பார்லி சூப் ஊற்றிக் கொடுத்து, உப்பு போதுமா என்று கேட்டேன். லுரெஞ் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "ம், போதும்" என்றான்.

ஜெர்மனில்.

அவனுக்கே தெரியலை. தெரிஞ்சு சொல்லியிருந்தாலாவது சண்டை போட்டிருப்பேன். இருபத்தெட்டு வருஷத்துல எங்களுக்குள்ள ஒரு ஜெர்மன் வார்த்தை கிடையாது — கோபத்துலகூட. நான் என்ன பண்ணினேன்? ரொட்டி வேணுமான்னு நானும் ஜெர்மன்லயே கேட்டேன். ஒரே தடவையில் புரிஞ்சுது அவனுக்கு. முகத்துல ஒரு நிம்மதி. அந்த நிம்மதியைத்தான் என்னால தாங்க முடியலை.

ஏப்ரல் 2, வியாழன்

வீட்டில் இப்போது ஜெர்மன்தான். யாரும் முடிவெடுக்கவில்லை.

ஏப்ரல் 14, செவ்வாய்

ரொட்டிக் கடையில் வேலை செய்கிற போர்த்துகல் பெண் தியோலிந்தா சலூனுக்கு வந்தாள். தட்டுத் தடுமாறி ரொமான்ஷ் பேசினாள். எனக்கு வாய் ஓயாமல் பேச ஆள் கிடைத்த மாதிரி இருந்தது, என் வாயின் லட்சணத்தையும் மறந்து ரொமான்ஷிலேயே பதில் சொன்னேன். அவள் நாற்காலியில் அப்படியே திரும்பிவிட்டாள். கொஞ்சம் தவறியிருந்தால் காதில் கத்தரி பட்டிருக்கும்.

"ஆறு வருஷமா நான் வாய் திறந்தா எல்லாரும் ஜெர்மன் ஆகிடுறாங்க. நீங்க ஆகல. நான் செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை வரலாமா? முடி வெட்ட இல்ல, பேச."

"முடி அவ்வளவு வேகமா வளராது. பேசவே வா" என்றேன்.

மே 5, செவ்வாய்

தியோலிந்தா நன்றாகப் பிடித்துக்கொள்கிறாள். லுரெஞ் பெயரின் கடைசி ஒலி அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு, அவர்கள் மொழியிலும் இருக்கிறதாம். கேட்டுக் கேட்டு வாங்கினேன், நாலு தடவை சொல்லச் சொல்லி.

போகும்போது கதவருகில் நின்று, சிரித்துக்கொண்டே "ஷாவ்" என்றாள்.

இல்லை, அப்படி இல்லை என்று தலையாட்டினேன். சரியாகச் சொல்லிக் காட்ட வாயைத் திறந்தேன். ஷாவ். அவள் இன்னும் கவனமாகக் கேட்டு, இன்னும் அச்சு அசலாக, "ஷாவ்".

மே 26, செவ்வாய்

தாளில் எழுதிக் காட்டினேன். எழுத்துக்கு என்ன சத்தம் இருக்கிறது? என் வாய் சரியில்லை, மற்றவர்களிடம் கேட்டுக்கொள் என்றேன்.

"மத்தவங்க சொன்னாத்தானே கேட்கலாம்" என்றாள்.

ஒரு நல்ல பெண்ணின் வாயைக் கெடுத்துவிட்டேன். அவள் "ஷாவ்" என்கிற ஒவ்வொரு முறையும் ஊர் ஜெர்மனுக்கு மாறும். அதை எப்படி நிறுத்துவது? எனக்குத் தெரியவில்லை.

ஜூன் 3, புதன்

லுரெஞ் மத்தியானம், தான் வேலை பார்க்கிற பனிச்சறுக்கு லிஃப்ட் ஷெட்டில் இருந்து வரும் வழியில் ரொட்டி வாங்கி வந்தான். மேஜைமேல் வைத்துவிட்டு, தொப்பியைக்கூடக் கழற்றாமல் நின்றான்.

"அந்தப் போர்த்துகல் பொண்ணு அப்படியே உன்னை மாதிரி பேசுது. முதுகு காட்டி நின்னேனா, நீதான் கடைக்கு வந்துட்டியோன்னு திரும்பிட்டேன்."

"என்ன பேசினே?"

"சும்மா, மழை வருமான்னு. அப்புறம் அவங்க ஊர்ல மீன் எப்படிப் பண்ணுவாங்கன்னு. நேரம் போனதே தெரியலை."

"எதுல பேசினே?"

"நம்ம மொழியிலதான். வேற எதுல—" என்றவன் நிறுத்திவிட்டான். நாங்கள் ஜெர்மனில் பேசிக்கொண்டிருந்தோம்.

அவன் தொப்பியைக் கழற்றினான். உட்கார்ந்தான். நான் சூப் ஊற்றி, ரொமான்ஷில் ஒன்று கேட்டேன்.

"என்ன?" என்றான், ரொமான்ஷில்.

திரும்பக் கேட்டேன். "என்ன?" மூன்றாம் தடவையும் கேட்டேன், நாக்கு நோக நோக. அவன் காதை என் பக்கம் சாய்த்து, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு பார்த்தான். பிடிபடவில்லை. ஜெர்மனில் ஒரு வார்த்தை, முடிந்திருக்கும். நான் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. நாலாவது தடவை உப்பு ஜாடியைத் தூக்கிக் காட்டினேன்.

"போதும்" என்றான், நம்ம மொழியில்.