அரை அங்குலம் அமுங்கிய பெல்ட்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம், நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்கவேண்டும். ஒப்புக்கு எழுதவில்லை, டாக்டர் வாயால் கேட்டுவிட்டு வந்துதான் எழுதுகிறேன்.

நெஞ்சு ஆபரேஷனுக்குப் பிறகு அப்பாவுக்கு முதல் பரிசோதனை திங்கட்கிழமை என்று சொன்னேன் அல்லவா, வெள்ளிக்கிழமை காரைக் கிளப்பினால் தெருவே திரும்பிப் பார்க்கும்படி கீச்சென்று சத்தம். என்ஜின் பெல்ட் வெடித்துக் கிடக்கிறது, வழியில் அறுந்தால் நடுரோட்டில்தான் நிற்கவேண்டும் என்றார் அப்பா. மெக்கானிக் ஊரில் இல்லை, வாடகை வண்டிக்காரரும் ஆஸ்பத்திரி வரைக்கும் அவ்வளவு தூரம் வர முடியாது என்று கைவிரித்துவிட்டார். பெல்ட்டை வாங்கிட்டு வா, நானே மாத்திடறேன் என்று கிளம்பினார், தண்ணீர் வாளிகூடத் தூக்கக் கூடாத மனுஷர். ஸ்பேனரை நான் பிடிக்கிறேன், நீங்க உக்காந்து வாய்க்கு மட்டும் வேலை குடுங்க என்றேன்.

சனிக்கிழமை காலையில் புது பெல்ட்டை வாங்கி வந்து, பாட்டரி வயரைக் கழற்றி, பெல்ட் சுற்றுகிற ஆல்டர்னேட்டரின் போல்ட்டுகளைத் தளர்த்தி உள்ளே தள்ளியதும் பழைய பெல்ட் தொளதொளவென்று கையோடு வந்துவிட்டது. புதியதை மாட்டி இழுத்து முறுக்குவதில்தான் வந்தது வினை. ஒரு கையால் கம்பி வைத்து ஆல்டர்னேட்டரை நெம்பிப் பிடித்துக்கொண்டே மறு கையால் போல்ட்டை இறுக்கவேண்டும். முதல் தடவை தொய்வு, அடுத்தது ஒரே விறைப்பு, பேரிங் போயிடும் என்றார் அப்பா. மூன்றாம் தடவை கம்பி வழுக்கி என் விரலில் தோல் பெயர்ந்தது. பொறுக்காமல் கம்பியைப் பிடுங்க வந்தார், நான் கத்திவிட்டேன். போய் உட்கார்ந்தவர், இனிமே நான் இந்த வீட்ல ஒரு சாமான்தானா என்று கண் கலங்கினார். எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. நெம்ப எனக்குத் தெரியும், சரியா இருக்கான்னு உங்க கட்டைவிரல்தானே சொல்லணும் என்றேன். எழுந்து வந்தார். பெல்ட்டின் நடுவில் அழுத்திப் பார்த்து இன்னும் கொஞ்சம், இன்னும் ஒரு பொட்டு என்று சொல்லிச் சொல்லி, அரை அங்குலம் அமுங்கியதும் போதும் என்றார். வயரை மாட்டிச் சாவியைத் திருப்பினேன், ஒரு முனகல்கூட இல்லை. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

திங்கட்கிழமை தடங்கல் இல்லாமல் போய்ச் சேர்ந்தோம். தையல் ஆறிவிட்டது, இதயம் சீராக இருக்கிறது, பழையபடி நடமாடலாம் என்றார் டாக்டர். அது அப்பா காதில் விழுந்ததோ என்னவோ, எங்க வீட்டம்மா என்ஜின் பெல்ட்டையே மாத்திட்டாங்க டாக்டர் என்று நர்சுக்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நீ லீவு போட்டு ஓடிவராதே, நிதானமாக வா. உன் காரின் பெல்ட்டைப் பார், வெடிப்பு இருந்தால் தள்ளிப்போடாதே. இருவரும் நோய்நொடி அண்டாமல் நிறைவாக வாழ எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அம்மா

அப்பா தானும் இரண்டு வரி எழுதவேண்டும் என்று பேனாவைக் கேட்கிறார். ஆபரேஷனுக்குப் பிறகு அவராகப் பேனா கேட்பது இதுதான் முதல் தடவை, கொடுத்துவிடுகிறேன்.